டர்பனில் ஞாயிறு காலைப் பறவைப் படங்கள்: கிளம்புவது முதல் கோப்பு சேமிப்பது வரை

கேமரா வாங்கியாகிவிட்டது, யூட்யூபில் நாலு வீடியோவும் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பதரை மணிக்கு உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ப்ளூ லகூன் போய்ச் சேருகிறார்கள். திரும்பி வரும்போது கார்டு நிறையப் படம், ஒன்றும் தேறவில்லை. உடனே லென்ஸ் மேல் பழி.

லென்ஸில் கோளாறு இருப்பது அபூர்வம். போன நேரம் தப்பு, நின்ற பக்கம் தப்பு, பறவையைத் துரத்திக்கொண்டு நடந்தது தப்பு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் சுமாரான கேமராவே போதும். அதனால் கேமரா செட்டிங் இங்கே ஐந்தாவதாகத்தான் வருகிறது. வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

செகண்ட் ஹேண்ட் கேமரா போதும். சிறிய சென்சார் உள்ள கிராப் வகை என்றால் இன்னும் நல்லது. 300 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் ஏறத்தாழ 450 மில்லிமீட்டர் லென்ஸ் அளவுக்குக் காட்டும். 70-300 ஜூம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். 600 மில்லிமீட்டர் ஆசை வரும், வரட்டும். பறவை எங்கே உட்காரும் என்று தெரியாதவர் கையில் அது வெறும் சுமைதான்.

கேமராவைவிட முக்கியமாக நான் சொல்வது பைனாக்குலர். 8x42 அளவு சரியாக இருக்கும். கேமரா வழியாகவே தேடினால் கை ஓய்ந்துபோகும், பேட்டரியும் தீரும், பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதும் பிடிபடாது.

மற்றவை: கூடுதல் பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, மெல்லிய துணி, தொப்பி, தண்ணீர், மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை. முழுநீளக் கால்சட்டையைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காதுதான். ஆனால் இங்கே புல்லில் உண்ணி உண்டு. வீடு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துத் தலைவலியும் காய்ச்சலும் வந்து, கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்கு தட்டியிருந்தால், காட்டுப் பக்கம் போனதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது. சொல்லாவிட்டால் சாதாரண ஃப்ளூ என்று அனுப்பிவிடக்கூடும்.

2. ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்த வாரம் உம்லாங்கா, அடுத்த வாரம் கிரான்ட்ஸ்க்ளூஃப், அதற்கடுத்து வேறு எங்கோ என்று சுற்றுபவருக்கு எல்லா இடமும் முதல் நாளாகவே இருக்கும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் எந்தக் கம்பத்தில் மீன்கொத்தி உட்காரும், எந்த மரத்தில் வெயில் முதலில் விழும் என்று தெரியவரும். அதற்குப் பிறகுதான் படம் திட்டமிட்டபடி அமையும்.

இடத்தை வீட்டுப் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். சாட்ஸ்வொர்த்காரர்களுக்குச் சில்வர்க்ளென் பக்கத்திலேயே இருக்கிறது. புல்வெளிப் பறவையும் பூச்சியும் அங்கே எடுக்கலாம். யெல்லோவுட் பார்க்கில் உள்ள கென்னத் ஸ்டெயின்பேங்க் காப்பகத்தில் வரிக்குதிரை, இம்பாலா, சின்ன டைக்கர் மான்கள் உண்டு. அங்கே நடந்தே போகலாம் என்பதால் விலங்குப் படம் பழக அதுதான் சரியான இடம். க்ளென்வுட்டில் பல்கலைக்கழகத்துக்குக் கீழே இருக்கும் பிஜன் வேலி சின்னக் காடுதான், ஆனால் இருட்டு. புதியவர்கள் அதை மூன்றாவது, நான்காவது மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

என்னைக் கேட்டால், ஆரம்பிக்க உம்கேனி ஆற்று முகத்துவாரம். வெட்டவெளி, வெளிச்சம் தாராளம், பெரிய பறவைகள், மனிதர்களைப் பார்த்துப் பழகியவை. கூழைக்கடா, கரண்டிவாயன், நாரை, ஆலா, கறுப்பு வெள்ளை மீன்கொத்தி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காடு. அதன் உள்ளே நுழைய எப்போது விடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

அதற்கும் முன்னால் வீட்டு வாசலில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது: ஹடீடா. காலையில் கத்தி எழுப்பிவிடும் அதே பறவைதான். மேகமூட்டத்தில் அது வெறும் சாம்பல் நிறக் கட்டி. உங்கள் முதுகுப் பக்கமிருந்து இளவெயில் அதன் தோளில் விழும்போது பாருங்கள், பச்சையும் ஊதாவும் எண்ணெய் போல மின்னும். ஒரு அடி இடம் மாறி நின்றால் அந்த மினுமினுப்பு காணாமல் போகும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதை இதைவிடச் சுலபமாக யாரும் கற்றுத்தர முடியாது. எதிர்வீட்டு ஹடீடாவை நன்றாக எடுக்கத் தெரிந்தபின் முகத்துவாரத்துக்குப் போங்கள்.

3. நேரம் குறிப்பது: சூரியனையும் கடலையும் சேர்த்துப் பாருங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

டர்பனில் டிசம்பரில் சூரியன் காலை 4.45-க்கே எழுந்துவிடும். ஜூனில் 6.50 ஆகும். நல்ல வெளிச்சம் உதயத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கோடையில் ஏழு மணிக்குப் போனாலே தாமதம்தான். சோம்பேறிகளுக்குக் குளிர்காலம் வசதி: மழை குறைவு, வானம் தெளிவு, சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே போகும்.

வெயில் ஏறியபின் இன்னொரு சிக்கல் உண்டு. மணல் திட்டு சூடாகி, அதன் மேல் காற்று நெளியும். தொலைவில் நிற்கும் பறவை எத்தனை முறை எடுத்தாலும் மொழுக்கென்றுதான் வரும். ஃபோகஸ் சரியில்லை என்று லென்ஸைக் கடைக்குக் கொண்டுபோவது இதனால்தான். பக்கத்தில் இருக்கும் பறவையை எடுத்துப் பாருங்கள்; அது கூர்மையாக வந்தால் லென்ஸ் மேல் தப்பில்லை.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். ஊரில் பழகிய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டால் தப்பான கரையில் போய் நிற்பீர்கள்.

முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறு கிழக்கே கடலில் சேருகிறது. ப்ளூ லகூன் தென்கரை. கோடையில் சூரியன் தென்கிழக்கே எழுவதால், தென்கரையில் நின்று வடக்கே ஆற்றைப் பார்த்தால் வெளிச்சம் உங்கள் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வரும், நல்லது. குளிர்காலத்தில் அது வடகிழக்கே எழும். அதே இடத்தில் நின்றால் வெளிச்சம் எதிரிலிருந்து வரும், பறவையெல்லாம் கறுப்பு உருவம். அப்போது கடலுக்கு முதுகைக் காட்டி, ஆற்றின் மேற்புறம் பார்த்து நில்லுங்கள்.

அடுத்தது கடல். டர்பனில் கடல்நீர் மிகவும் இறங்கும் வற்று வேளைக்கும் மிகவும் ஏறும் ஏற்ற வேளைக்கும் நீர்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் வித்தியாசப்படும். ஏற்றத்தில் போனால் திட்டே தெரியாது, பறவையும் இருக்காது. வற்று வேளை ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். போன ஞாயிறு நன்றாக இருந்தது என்று அதே மணிக்கு இந்த ஞாயிறு போனால் ஏமாற்றம்தான்.

வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் குறுக்குவழி ஒன்று உண்டு. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் கீழே இறங்குவது காலை ஒன்பது, பத்து மணி வாக்கில். படத்துக்கு அது தாமதம். மூன்று, நான்கு நாள் முன்னால், ஏகாதசியை ஒட்டி, வற்று வேளை ஆறு, ஏழு மணிக்கு வரும். இளவெயிலும் திட்டும் ஒன்றாகக் கிடைப்பது அப்போதுதான். அந்த நாள் வார இறுதியில் விழுகிறதா என்று பார்த்துக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். துல்லியமான மணியை அலை அட்டவணையில் சரிபாருங்கள். முகத்துவாரத்துக்குள் நீர் இறங்கக் கடலைவிடச் சற்று நேரம் பிடிக்கும்.

நீர் அடிமட்டத்தில் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள். நீர் ஏற ஏறத் திட்டு சுருங்கும். அலை தானே பறவைகளைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் ஒரு அடிகூட நகர வேண்டியதில்லை.

மணலில் ஓடும் உள்ளான் வகைகள் வடதுருவப் பக்கமிருந்து வருபவை. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கூட்டமாகப் பார்க்கலாம். அலையாத்தி மீன்கொத்தி நேர்மாறு: குளிர்காலத்தில்தான் முகத்துவாரக் காடுகளுக்கு வரும்.

4. தனியாகப் போகாதீர்கள்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விலை உயர்ந்த கேமராவோடு வெறிச்சோடிய இடத்தில் விடியற்காலையில் தனி ஆளாக நிற்பது இந்த ஊரில் புத்திசாலித்தனமில்லை. மூன்று பேராவது சேருங்கள். இருவர் படம் எடுக்க, ஒருவர் சுற்றுமுற்றும் பார்க்கட்டும். மாறி மாறிச் செய்யுங்கள். ஏனென்றால் கண்ணைக் கேமராவில் வைத்தவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது.

லென்ஸை வீட்டிலேயே மாட்டி, சாதாரணப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து கடை விரிப்பது கூடவே கூடாது. திரும்பும்போதும் அப்படித்தான்: பை உள்ளே, வண்டி கிளம்பட்டும், படங்களை வீட்டில் பார்க்கலாம். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாதையில் கால் வைக்குமுன் தரையைப் பாருங்கள். பஃப் ஆடர் பாம்பு விலகிப்போகாது, அப்படியே கிடக்கும். கரையோரக் காடுகளில் பச்சை மாம்பாவும் உண்டு, அது பெரும்பாலும் மரத்தில். கண்ணில் கேமராவை வைத்தபடி நடப்பதை மட்டும் விட்டுவிட்டால் பாதி அபாயம் போய்விடும்.

சாப்பாட்டுப் பொட்டலத்தை வெளியே வைக்காதீர்கள். வெர்வெட் குரங்கு நீங்கள் திரும்புவதற்குள் எடுத்துவிடும். படத்துக்காக ஒரு துண்டு ரொட்டி கொடுப்பதும் வேண்டாம். மனிதரிடம் பறித்துத் தின்னப் பழகிய குரங்கைத்தான் அக்கம்பக்கத்தார் கல்லாலும் ஏர்கன்னாலும் அடிக்கிறார்கள்.

5. கேமராவை முந்தைய இரவே தயார் செய்யுங்கள்

காலையில் பறவை முன்னால் நின்றுகொண்டு மெனுவைத் துழாவக்கூடாது. இரவே இப்படி வைத்துவிடுங்கள்:

மேனுவல் மோட், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மட்டும் ஆட்டோ. அப்பெர்ச்சரை லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்துவையுங்கள். மலிவான ஜூமில் அது 300 மில்லிமீட்டரில் 5.6 அல்லது 6.3 ஆக இருக்கும். ஷட்டர் வேகம்: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, நடப்பதற்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. ஐ.எஸ்.ஓ. ஏறுமே என்று பயந்து ஷட்டரைக் குறைப்பவர்கள் நிறைய. புள்ளி விழுந்த படத்தைக் கணினியில் சரிசெய்யலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும். நிக்கானிலும் சோனியிலும் ஏ.எஃப்.-சி, கேனானில் செர்வோ. ஒற்றை ஃபோகஸில் வைத்தால் பறவை ஒரு எட்டு நகர்ந்தாலே போச்சு. ஃபைல் ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) வகையில். பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். மின்வெட்டு அறிவிப்பு இருந்தால் சாயங்காலமே போட்டுவிடுங்கள்.

காரில் ஏசி ஓடும்போது கேமரா பையை மூடியே வைத்திருங்கள். கோடையில் டர்பன் காற்றில் அவ்வளவு ஈரம். குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தால் உடனே மூடுபனி படியும். துடைக்கத் துடைக்க வரும். போய்ச் சேருவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை நிறுத்திவிடுவது சுலபம்.

6. கிட்டே போவது எப்படி

போகாதீர்கள். அதுதான் முறை.

பறவையைப் பார்த்ததும் நேராக அதை நோக்கி நடப்பது எல்லாப் புதியவரும் செய்வது. பறவைக்கு அது வேட்டைக்காரன் வருவது மாதிரி. பறந்துபோகும், உங்களுக்கு வால் படம் கிடைக்கும். அதற்குப் பதிலாக, அது இரை தேடும் திசை எது என்று ஐந்து நிமிடம் பைனாக்குலரில் பாருங்கள். அந்தத் திசையில் தூரமாகச் சுற்றிப்போய், வெயில் முதுகில் விழும்படி உட்கார்ந்துகொள்ளுங்கள். அதுவே வரும்.

கட்டாயம் நகர வேண்டுமென்றால் குறுக்காக, வளைந்து, நின்று நின்று. பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலோ, மேய்வதை நிறுத்தினாலோ அங்கேயே நில்லுங்கள். அது மறுபடி மேய ஆரம்பிக்கவில்லை என்றால் ஒரு அடி பின்வாங்குங்கள்.

இதைப் பழக அலையாத்திச் சேறு மிகவும் ஏற்றது. நீர் வற்றிய நேரத்தில் ஃபிட்லர் நண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளியே இருக்கும். நீங்கள் போய் நின்ற நொடியில் எல்லாம் வளைக்குள். பாதி பேர் அங்கேயே சலித்து நகர்ந்துவிடுவார்கள். நகராமல் குந்தி உட்காருங்கள், நிழல் வளைகளின் மேல் விழக்கூடாது. சில நிமிடத்தில் முதலில் காம்பின் மேல் நிற்கும் இரண்டு கண் மட்டும் தெரியும். அப்புறம் சின்னக் கொடுக்கு. பிறகு ஆண் நண்டு முழுசாக வந்து, உடம்பளவு பெரிய அந்த ஒற்றைக் கொடுக்கை மேலே தூக்கி ஆட்டும். இன்னும் அசையாமல் இருந்தால் மட்ஸ்கிப்பர் மீனும் சேற்றில் தத்தி வரும். இதற்குச் செல்போன்கூடப் போதும்.

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். கிளையை ஒதுக்கி வழி செய்யாதீர்கள். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழலும் மறைப்பும். போனில் பறவைக் குரல் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது சாப்பாட்டை விட்டுவிட்டு அலையும். கிரவுண்ட் ஈகிள் (Crowned Eagle) என்ற பெரிய கழுகு டர்பனின் உயர்ந்த மரங்களில் கூடு கட்டுகிறது. கண்டால் தூரத்திலிருந்து ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

7. ஷட்டரை அழுத்தும்போது

பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் பின்னணி முழுக்க மணல்தான். மணலில் படுத்தால் பின்னணி தூரமாகி மெத்தென்று மங்கும், பறவை தனித்துத் தெரியும். சட்டை அழுக்காகும், அவ்வளவுதான்.

ஃபோகஸ் கண்ணில். வேறு எது கூர்மையாக இருந்தும் கண் மங்கினால் படம் போச்சு.

வெள்ளைப் பறவை கேமராவை ஏமாற்றும். வெயிலில் நிற்கும் கொக்கின் இறகு வெளுத்துப்போய்க் காகிதம் மாதிரி வரும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -0.7 அல்லது -1-க்கு இறக்குங்கள். வெளிறிய வானத்துக்கு எதிரே கரிய பறவை என்றால் +1. ஒன்றை மாற்றினால் அடுத்த பறவைக்கு முன் பழைய நிலைக்குத் திருப்ப மறக்க வேண்டாம். இதை மறந்து அரைநாள் படத்தை இருட்டாக எடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு.

கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, பறக்கும் படம் பழகச் சரியான பறவை. ஓரிடத்திலேயே நீரின் மேல் சிறகடித்து நிற்கும், அதனால் ஃபோகஸ் செய்ய நேரம் கிடைக்கும். அலகு நேர்கீழே திரும்பியதும் பாயப்போகிறது என்று அர்த்தம். பர்ஸ்ட்டை (தொடர்ந்து மளமளவென்று எடுப்பதை) அப்போது ஆரம்பியுங்கள். தண்ணீர் தெறித்தபின் அழுத்தினால் வட்ட அலைதான் பதியும்.

பெரிதாக நிரப்ப வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பின்னால் கட்டடங்களும் பாலமும் மங்கலாகத் தெரிய, முன்னால் சின்னதாக ஒரு நாரை நிற்பது டர்பன் படம். நெருக்கமான தலைப்படத்தை எந்த ஊரிலும் எடுத்துவிடலாம்.

8. காட்டுக்குள்ளும் காருக்குள்ளும்

பிஜன் வேலி, பர்மன் புஷ் போன்ற காடுகளில் 1/500 கனவு. 1/125-க்கு இறங்கி, மரத்தில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து நாலைந்தாக அடுக்கி எடுங்கள். ஒன்று ஆடாமல் வரும். பறவை நின்று பார்க்கும் கணத்தில் அழுத்துங்கள். குளிர்காலத்தில் பிஜன் வேலியில் புள்ளியிட்ட தரைப் பூங்குருவி காய்ந்த சருகைக் கிளறுவதைப் பார்க்கலாம். கண்ணுக்கு முன் காது கண்டுபிடிக்கும்.

ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி வனவிலங்குக் காப்பகம் டர்பனிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாசல் காலை 5 மணிக்கும், மற்ற மாதங்களில் 6 மணிக்கும் திறக்கும். இருட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போவதைவிட முந்தைய நாளே போய் உள்ளே இருக்கும் ஹில்டாப் முகாமிலோ ம்பிலா முகாமிலோ தங்குங்கள். காரைவிட்டு இறங்கக்கூடாது. கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் அரிசியோ பருப்போ நிரப்பிய துணிப்பை வைத்து லென்ஸைச் சாய்த்து வையுங்கள். எடுக்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதிர்வு படத்தில் தெரியும். யானை காதை விரித்து உங்கள் பக்கம் திரும்பினால் படம் போதும், மெதுவாகப் பின்னால் எடுங்கள். கிளம்பிப்போக வழி இருக்கும்படி முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும்.

9. வீடு வந்ததும்

முதலில் கேமராவைத் துடைக்க வேண்டும். கடல் காற்றில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. லென்ஸ் கண்ணாடியில் மணல் இருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். அப்படியே துடைத்தால் கீறல் விழும்.

படங்களைக் கணினிக்கு மாற்றி, இன்னொரு ட்ரைவிலும் பிரதி எடுத்தபின்தான் கார்டை ஃபார்மட் செய்யலாம். கழிப்பதை அன்றே செய்யாமல் ஒரு நாள் ஆறப்போடுங்கள். அலைந்த களைப்பில் எல்லாப் படமும் ஒன்று அருமையாகத் தெரியும், இல்லை மோசமாகத் தெரியும். கழிக்கும்போது கண் கூர்மையா என்பது முதல் சல்லடை. அதில் தேறாததைத் தயங்காமல் நீக்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் நாள், வற்று வேளை, நின்ற கரை, கண்ட பறவை நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பேர்ட்லாசர் செயலியில் பறவையைக் குறித்துக்கொண்டாலும் எந்தக் கரையில் நின்றீர்கள் என்பதை நோட்டிலும் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் அந்தப் பக்கத்தைத்தான் தேடுவீர்கள்.

வாட்சப் குழுவில் போடுமுன் ஒரு வேலை. காண்டாமிருகம், கூட்டில் இருக்கும் கழுகு, அரிதான ஓணான் இவற்றின் படத்தில் எடுத்த இடம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம்; செல்போனில் எடுத்தால் கட்டாயம் பாருங்கள். அதை நீக்கிவிட்டுப் பகிருங்கள். தலைப்பிலும் காப்பகத்தின் பெயரோடு நிறுத்துங்கள், எந்தச் சாலை, எந்தக் குட்டை என்று எழுத வேண்டாம். காண்டாமிருகக் கொம்புக்காக அலைபவர்களும் இதே படங்களைப் பார்க்கிறார்கள்.